ஆள் மாறிப்போச்சு

தெல்லிப்பழை ஆஸ்பத்திரி. யன்னலோரக் கதிரை.
ஒன்பதாம் தரம் மருந்து ஏறுகிறது.
குடலில் இருக்கிறதைத் தேடிப் போனது
என் முகத்தில் பூத்திருக்கிறது:
மூக்கிலும் நாடியிலும் சீழ் வைத்த பருக்கள்.
"ஐம்பத்தேழிலை குமரியாகிறியளோ" என்று
பக்கத்துக் கதிரை மரியதாசன் பகிடி விட்டார்.
சிரிக்க உதடு வெடித்தது.

டொக்டர் அனோஜா துண்டின் பின்பக்கம் கீறிக் காட்டினா.
கெட்டப்போல் மாதிரி ஒரு கவடு.
"புற்றிலை ஒரு அடையாளம் இருக்கு அக்கா,
அதைப் பார்த்துத்தான் இது பிடிக்கும்.
அதே அடையாளம் உங்கட தோலிலையும் இருக்கு,
நகக்கண்ணிலையும்."

எண்பத்தெட்டு. அளவெட்டி. பள்ளிக்கூட மைதானம்.
வரிசையாய் நடக்கவிட்டார்கள்.
ஜீப்புக்குள் சாக்குப் போட்ட ஒரு தலை,
கண்ணுக்கு இரண்டு துளை.
தம்பி குகனேசன் அன்றைக்கு நீலக்கோட்டுச் சேட்டு.
சுன்னாகத்துக் கடையில் ஒரே துணியில்
எத்தனை பேருக்கு வெட்டினார்களோ.
தலை ஆடியது.
முப்பத்தாறு நாளின் பின் விட்டார்கள்.
ஆள் மாறிப்போச்சு என்றார்களாம்.
இடக்காது பிறகு கேட்கவேயில்லை.

"இப்ப புதுசாய் ஒண்டு சோதிக்கினம்,
இஞ்ச இல்லை, வெளியிலை.
பிடிக்கிற கைக்கு முகமூடி போட்டு அனுப்புவினம்.
உடம்பெல்லாம் சுத்தும், ஒருத்தரையும் தொடாது.
புற்றுக்குக் கிட்டத்தான் நொதியம் கனக்கக் கிடக்கும்,
கத்தரிக்கோல் மாதிரி.
அது முகமூடியை வெட்டின பிறகுதான் பிடிக்கும்."

என் கை கதிரைச் சட்டத்தை இறுக்கிற்று.
ஊசி நோகுது என்று நினைத்து
துளியின் வேகத்தைக் குறைத்தா.
அவவுக்கு முப்பதுக்குள்தான் இருக்கும்.
சொல்லவில்லை.

இரவு முழுக்க அந்தச் சொல்லோடு கிடந்தேன்.
அந்தச் சாக்கில் துளை இருந்தது.
இந்த முகமூடிக்குத் துளையே இல்லையாம்,
வழியில் ஒருவரையும் பார்க்காதாம்,
வந்து சேர்ந்த இடத்தில்தான் கண் திறக்குமாம்.
நம்ப ஆசையாய் இருந்தது.
முகத்தைத் தடவினேன். எரிந்தது.

அடுத்த கிழமை கேட்டேன்:
"அந்தக் கத்தரிக்கோல் வேறை எங்கயும் இல்லையோ?"
கொஞ்சம் யோசித்தா.
"இருக்கு அக்கா. கொஞ்சம்.
காயம் ஆறுற இடங்களிலை."

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லாததற்காக அவவை நம்பினேன்.

வாசலில் குகனேசன் மோட்டார்சைக்கிளோடு நின்றான்.
சுற்றி வலப்பக்கமாய்ப் போய்
"வெளிக்கிடுவம்" என்றேன்.