முதுகு ஐந்து புள்ளி இரண்டு

இளம்பரிதி வாங்கி வந்த கத்திக்கு
முதுகு ஐந்து புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
நான்தான் அளந்தேன்.
அம்பத்தூர் எஸ்டேட்டில் நாள் முழுக்க
யாரோ கடைந்த புஷ்ஷுகளை வெர்னியரில் கவ்வி
ஓகே, ரிஜெக்ட் என்று பிரித்துப்போடுகிறவள்.
வீட்டிலும் கை சும்மா இருக்காது.

உறையோடு வந்தது. இடுப்பில் மாட்ட வாரும் உண்டு.
காட்டில் தனியாகச் சிக்கிக்கொண்டால்
விறகு பிளக்கலாம், குடில் போடலாம் என்றான்.
கொரட்டூர். மூன்றாவது மாடி.
பக்கத்துக் காடு என்றால்
ரயில்வே இடத்தில் மண்டிய சீமைக்கருவேலம்.

முதல் நாள் கேரட்.
பாதிவரை கத்தி போனது.
மீதியைக் கேரட் தானே முடிவு செய்தது:
டப்பென்று பிளந்து ஒரு துண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில்.
இன்னொன்றை எடுத்துத் தடவிப் பார்த்தேன்.
வெட்டுப்பட்ட இடம் வழவழப்பு,
பிளந்த இடம் சொரசொரப்பு.
ஒரே துண்டில் இரண்டு வாக்குமூலம்.

சாணை போதவில்லை என்றான்.
சாணையெல்லாம் சரிதான்,
முன்கை மயிரை வழித்துக் காட்டியவன் அவனேதான்.
கூர் நுழைந்துவிடுகிறது,
பின்னால் வரும் உடம்புக்குத்தான் வழியில்லை.
எட்டரை மணி லோக்கலில்
ஒல்லிப் பெண் நுழைந்துவிட்ட இடைவெளியில்
அவள் முதுகுப்பை நுழையப் பார்ப்பதுபோல.

தக்காளி கண்டுகொள்ளவில்லை,
மெத்தென்று விலகிக்கொண்டது.
சேனைக்கிழங்கு கத்தியை விடவே மாட்டேன் என்றது.
இரண்டையும் சேர்த்தே தூக்கி
மேடையில் ஓங்கி அடிக்கவேண்டியிருந்தது.
கீழ்வீட்டில் கேட்டார்கள், என்ன சத்தம் என்று.

ஞாயிற்றுக்கிழமை
கேட் பக்கம் மீன் விற்கும் ஜெசிந்தாவிடம்
அவள் கத்தியைக் கேட்டு வாங்கினேன்.
ஹாக்ஸா பிளேடைத் தேய்த்துச் செய்தது.
பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியிருந்தாள்.
ஒன்று புள்ளி மூன்று.
"இன்னாத்துக்கு அளக்குற?"
"எவ்வளவு கனம்னு பாக்குறேன்."
"கத்தி கனம் உனக்கெதுக்கு?
வஞ்சரம் துண்டு கனமா கீதா, அதைப் பாரு."
மீன்தலைக்கென்று இன்னொன்று
பலகைக்கு அடியில் படுத்திருந்தது.
அதை அளக்க விடவில்லை.

டிசம்பரில் காற்று.
கீழே மரம் சாய்ந்து வாசல் கேட்டை அடைத்தபோது
முகமெல்லாம் பல்லாக
உறையை மாட்டிக்கொண்டு இறங்கினான்.
முருங்கை.
வாட்ச்மேன் பாலகுருசாமி
செருப்புக்காலால் மிதித்தே ஒடித்து முடித்திருந்தார்.
நனைந்து மேலே வந்தவனைப் பார்த்துச் சிரித்தேன்.
சிரித்திருக்கக் கூடாது.

கத்தி வந்த அட்டைப்பெட்டியில் பில் கிடந்தது.
எண் கண்ணில் பட்டால் படித்துவிடுகிற பழக்கம்,
தேதியைப் படித்தேன்.
அவன் ஆபீசில் நாற்பது பேரை அனுப்பிய வாரம்.
நாற்பதில் அவன் இல்லை.
அடுத்த பட்டியல் எப்போது என்று
யாரும் சொல்லவும் இல்லை.
அந்த வாரத்தில் ஒருவன் கடைக்குப் போய்
எது வளையாது, எது உடையாது என்று
கேட்டு வாங்கியிருக்கிறான்.
கேரட்டை அவன் நினைத்தே இருக்கமாட்டான்.

டூல் ரூம் நிஜாமுதீனிடம் கொடுத்தால்
பக்கத்துக்கு ஒரு மில்லி தேய்த்துத் தருவார்.
டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து
ஒரு நாள் எடுத்துக்கொண்டுகூடப் போனேன்.
சாயங்காலம் அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன்.
பொரியலுக்குப் பாரிமுனையில் எண்பது ரூபாய்க்கு
மெல்லிசாக ஒன்று வாங்கியாயிற்று.
பீன்ஸை நினைத்தாலே நறுக்குகிறது.
நுனி மட்டும்
தேங்காயைக் கீறப்போய் ஏற்கெனவே போய்விட்டது.

ராத்திரி பதினொரு மணிக்கு
அடுக்களையில் டக் என்று ஒரு சத்தம்.
போய்ப் பார்த்தால்
கருப்பட்டி மண்டையில் அந்தக் கத்தியை நிறுத்தி
முதுகில் குழவியால் ஒரு தட்டு.
இங்கே வெட்டவே வேண்டாம், பிளந்தால் போதும்.
அடுப்பில் சுக்கு கொதிக்கிறது.
இரண்டு டம்ளர் வைத்திருந்தான்.
"எத்தனை துண்டு உனக்கு?"
எண்ணாமல் போடு என்றேன்.
பட்டியலைப் பற்றி
இன்றைக்கும் நான் கேட்கவில்லை.