பிழைதிருத்தம்

பத்திரிகையின் பெயர் புளித்தமா.
‘தோசைக்கடை விளம்பரமா ஐயரே?’ என்று
காவேரிப்பட்டணம் பஸ்ஸில் யாரோ கேட்க,
‘ஆமாம், கொஞ்சம் பொங்கவேண்டும்’ என்றாராம்
தேவசித்தம் ஐயர்.

சந்தா வருடத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
இருநூற்றுப் பதினேழு பேர்.
மத்தூர் ஹோமியோபதி டாக்டர் நாத்திகர்.
பழையபேட்டை மரக்கடை பாய் ஒருவர்.
மற்றவர்கள் எங்களைப்போல
வாங்கி வைத்துப் படிக்காதவர்கள்.

ஞாயிறு பிரசங்கம் பதினைந்தே நிமிடம்.
திங்கள் காலை டி.வி.எஸ். ஐம்பதில்
தாள்கட்டு முன்னால், ஐயரம்மா பின்னால்,
சேலம் ரோட்டு அச்சகத்துக்கு.
நோவாவின் பேழைக்கு
மரக்கணக்குப் பார்க்காதீர்கள் என்று ஒருமுறை எழுதினார்.
பாய் மட்டும் சிரித்துக் கடிதம் போட்டார்.
எங்களுக்குக் கோபம் வரவில்லை,
படித்திருந்தால் வந்திருக்கும்.

பிறகு ஆபேல் தூக்கில் தொங்கினான்.
ஜல்லி லாரி டிரைவர். கடன்.
கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு இடமில்லை,
சுவருக்கு வெளியே வையுங்கள் என்றது கமிட்டி.
மினிட்ஸ் எழுதியது நான்.
சையத் பாஷா மலை நிழல் இறங்குகிற நேரம்
சீமைக்கருவேலத்துக்குள் நின்று
அங்கியெல்லாம் முள்ளேற
ஒரு வரி விடாமல் அடக்க ஆராதனை நடத்தினார் ஐயர்.
அவன் முழுப்பெயரை மூன்று தடவை சொன்னார்.
சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது.

அந்த மாதம், பக்கம் ஏழு:
‘கடவுளின் கையிலிருந்து
தவறி விழ யாராலும் முடியாது.’

முதன்முதலாக எல்லோரும் படித்தோம்.
நாற்பத்தாறு பிரதிகள் திரும்பி வந்தன,
சில தபால்தலை ஒட்டாமல்.
அபராதம் கட்டி வாங்கினார்.
பேராயத்திலிருந்து கடிதம்:
அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுக.

வெளியிட்டார். கட்டம் கட்டி:
‘சென்ற இதழ் ஐந்தாம் பக்கத்தில்
மாங்கூழ் என்பது மாங்குழ் என்று அச்சாகிவிட்டது.
வருந்துகிறோம்.
ஏழாம் பக்கத்தில் பிழை எதுவும் இல்லை.’

மாற்றல் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள்
பதினோரு பேர்.
எண்ணி எழுதியவன் நான்,
என் கையையும் சேர்த்து.

லாரியில் ஏறியவை ஒரு பீரோ, இரண்டு கட்டில்,
விற்காத அவர் புத்தகம் மூன்று மூட்டை.
நான்காவதை எங்கள் வாசலில் இறக்கினார்,
‘கரையான் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் செயலாளரே’ என்று.
கிண்டலா, கேட்டுக்கொண்டதா,
இன்றுவரை தெரியவில்லை.

என் சந்தா மார்ச்சோடு முடிந்திருந்தது.
ஏப்ரலில் பென்னாகரம் முத்திரையோடு
ஒரு பிரதி வந்தது. மேயிலும்.
நான் பணம் அனுப்பவில்லை.
ஜூனிலும் வந்தது.