இடது பின் சக்கரம்

மழை பெய்து நான்கு நாளாயிற்று.
தெரு காய்ந்து கிடக்கிறது.
இடது பின் டயரின் உட்புறம் மட்டும் ஈரம்.

நாய் என்று நினைத்தேன்.
கொருக்குப்பேட்டை நாய்களுக்கு
என் இரண்டாயிரத்து ஆறாம் வருட டாடா மேல்
எப்போதும் ஒரு பாத்தியதை உண்டு.
விரலால் தொட்டு மோந்தேன்.
நாய் இல்லை.
வழவழப்பு. மூக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு.
சொட்டு இறங்கிய இடமெல்லாம்
ரிம்மின் பெயிண்ட் அப்பளமாய்ப் பொரிந்திருந்தது.

அப்போ சூசை சொன்னது நிஜம்.

வியாழக்கிழமை விடியலில்
பேசின் பாலத்து இறக்கத்தில்
இருபது பார் ஐஸோடு வரும்போது
பெடல் தரை தட்டியது என்றான்.
கியரைக் கீழே தள்ளி, கைபிரேக்கைப் பிடுங்கி,
பூட்டிக் கிடந்த கரும்புச்சாறு வண்டிக்கு
ஒரு சாண் முன்னால் நிறுத்தியிருக்கிறான்.
நான் கேட்டது ஒன்றே ஒன்று:
"செல்லு பேசினே ஓட்டினியா?"
அன்றிலிருந்து பேச்சில்லை.
வண்டியில் பாதி அவனுடையது.
தவணையிலும்.

முன் சக்கரத்துக்கு இரண்டு செங்கல். ஜாக்கி.
டிரம் வரமாட்டேன் என்றது.
சுற்றிச் சுற்றித் தட்டினேன்.
அதன் முகத்திலேயே இருக்கும் இரண்டு துளைகளில்
போல்ட்டு விட்டு மாற்றி மாற்றித் திருகினேன்.
"கொழந்த தூங்குது" என்று
எதிர் மாடியிலிருந்து ஒருத்தி கத்தினாள்.
இன்னும் ஒரே அடிதான் அக்கா, என்றேன்.
இட்லிக் குண்டான் உருண்ட சத்தத்தோடு
இறங்கி வந்தது.
குழந்தை எழுந்தது.

உள்ளே கறுப்புக் களிம்பு.
ஷூ இரண்டும் எண்ணெய் குடித்து மினுமினுத்தன.
சிலிண்டரின் ரப்பர் உதட்டைத்
திருப்புளியால் மெல்ல விலக்கினேன்:
ஒரு சொட்டு.
பொறுத்து, இன்னொரு சொட்டு.

புதுப்பேட்டையில் கவுஸ் பாய்
அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.
"கிட்டு போட்டா ஆடி தாண்டாது.
சிலிண்டரே மாத்து. ரெண்டு பக்கமும் ஷூ மாத்து.
ஒரு பக்கம் மட்டும் புதுசுன்னா வண்டி இழுத்துக்கும்."
பழைய ஷூவைப் பெட்ரோலில் கழுவி
உப்புத்தாளில் தேய்த்தால் ஆகாதா, என்றேன்.
பில் புத்தகத்தை மூடினார்.
"வண்டி உன்னுது. முன்னாடி போறவன் உன்னுதா?"
மூவாயிரத்து இருநூறு.
நூறு குறைத்தார், டீயும் சொன்னார்.

ஸ்பிரிங் மாட்டும்போது தெறித்து
சாக்கடை மூடியின் இடுக்கில் போய் விழுந்தது.
உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி
அரை மணி நேரம் தூண்டில் போட்டேன்.
முதலில் ஒரு சோடா மூடி.
அப்புறம் யாருடையதோ ஒரு சாவி.
அப்புறம்தான் அது.

எல்லாம் மாட்டியாயிற்று.
ஆனால் குழாயில் காற்று எடுக்க
இரண்டு பேர் வேண்டும்.
ஒருவன் கீழே, ஸ்பானரோடு.
ஒருவன் மேலே, பெடலில்.

ஒரு ரிங்கில் எடுத்தான். பதில் சொல்லவில்லை.
பத்து நிமிடத்தில் வந்து
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

"அமுக்கு."
"ம்."
"பிடி."
நிப்பிளைத் திறந்தேன்.
டியூப் வழியே தண்ணீர் பாட்டிலுக்குள்
குமிழ் குமிழாய் வந்தது.
மூடினேன்.
"விடு."

அமுக்கு. பிடி. விடு.
நாலு நாளைக்கு அப்புறம்
நாங்கள் பேசிய மூன்று சொற்கள்,
முப்பது தடவைக்கு மேல் இருக்கும்.
எண்ணெய் தீரத் தீர ஊற்றினேன்.
குமிழ் சிறுத்து, கடுகாகி, நின்றது.
"கல்லு மாதிரி இருக்குடா" என்றான் மேலிருந்து.
அந்த 'டா' எனக்கா பெடலுக்கா
கேட்கவில்லை.

ராத்திரியே லோடு.
நான் ஓட்டினேன்.
ஐஸ் உருகி பின்னால் சொட்டிக்கொண்டே வந்தது,
கண்ணாடியில் ஒவ்வொரு முறையும்
வயிறு ஒருதரம் பிசைந்தது.
பேசின் பாலத்து இறக்கம்.
கரும்புச்சாறு வண்டி அதே இடத்தில்.
மிதித்தேன். நின்றது.
பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

கிளீனர் சீட்டில் சூசையின் வலது காலும்
வெறும் தகரத்தை
அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.