இருக்கிறாயா

கமால் ராவுத்தர் கம்பெனியில்
தராசு மட்டும் ஏழு.
எட்டு மில்லி ஏலக்காய்க்குத் தனி, உடைசலுக்குத் தனி.
"வீருசின்னு, இதையும் நிறுத்துச் சொல்லு" என்று
விலைப்புள்ளியை மேசையில் போட்டார்.
ஒரு மெயில் சர்வர் இருந்த இடத்தில் இரண்டு.
பதினோரு லட்சம், வரி தனி.

போன மாசியில் ஒரு வியாழக்கிழமை
ஏலம் தொடங்கும் ஒன்பது மணிக்கு
ஒற்றை சர்வர் ஒரு விக்கல் விக்கி நின்றது.
இந்தூரிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வந்த கடிதங்கள்
கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயின.
நாற்பது லாட் கைமாறியது.
ராவுத்தர் திட்டவில்லை.
எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.
அதுதான் வலித்தது.

ஆகவே ஒரு தட்டில் அந்த வியாழக்கிழமையை வைக்கிறேன்.
கனமாகத்தான் இருக்கிறது.
இரண்டு இருந்தால் ஒன்று படுத்ததும்
மற்றது எழுந்து அதே பெயரில் பதில் சொல்லும்.
சனிக்கிழமை இரவுக்குக் காத்திருக்காமல்
பட்டப்பகலில் ஒன்றை அணைத்து ஒட்டுப்போடலாம்.

ஆனால் விற்க வந்த பையன் வரைந்த படத்தில்
இரண்டு தலைக்கும் ஒரே வயிறு.
ஒரே டிஸ்க் பெட்டி, ஒரே அறை, ஒரே யூபிஎஸ்.
தாயும் பிள்ளையும் ஆனாலும்
வாயும் வயிறும் வேறு என்பதை
அவன் கேள்விப்பட்டதில்லை போல.

சரி, வயிற்றையும் பிரிப்போம் என்று
பழைய இயந்திரம் ஒன்றைப் போடியிலும்
இன்னொன்றை மலைக்கு மேல் வண்டன்மேட்டில்
ஜோமோன் அறையிலும் வைத்தேன்.
நொடிக்கொரு தரம் இது கேட்கும்: இருக்கிறாயா.
அது சொல்லும்: இருக்கிறேன்.
பதினேழு கொண்டை ஊசி வளைவையும் கடந்து
ஓர் எறும்புப் பேச்சு.
சோதனைதானே என்ற அசட்டையில்
நிஜ ஏலத்தையே அதில் விட்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் மழை.
பதினோராம் வளைவில் மரம் சாய்ந்து கேபிள் அறுந்தது.
இருக்கிறாயா.
இருக்கிறாயா.

இரண்டும் உயிரோடுதான் இருந்தன.
மற்றது செத்ததென்று இரண்டும் முடிவுகட்டி
எழவு விசாரிக்காமலே பட்டத்துக்கு வந்தன.
விடிவதற்குள் 214ஆம் லாட்டை
இங்கே ஜோத்பூர்க்காரருக்கும்
அங்கே ஆலப்புழைக்காரருக்கும் விற்றிருந்தோம்.
இரண்டு கடிதமும் மெய்.
இரண்டிலும் எங்கள் முத்திரை.
"ரண்டும் சரியாணு, அதாணு பிரச்னம்" என்றான் ஜோமோன்.
பிரித்துச் சேர்க்க எனக்கு மூன்று நாள்.
ஒற்றையாய் இருந்தவரை அது செத்துப்போகும், அவ்வளவுதான்.
ஒருநாளும் இரண்டு பேச்சு பேசியதில்லை.

எனவே தேனியில் மூன்றாவதாய் ஒரு சின்னப் பெட்டி.
கடிதம் எதையும் தொடாது, சாட்சி மட்டும் சொல்லும்.
இரண்டு வாக்குச் சேராதவன்
வாயை மூடிக்கொள்ள வேண்டும்.
"எங்க சங்கத்திலே அப்படி மூடுன ஒருத்தனை
நான் பார்த்ததில்லை" என்றார் ராவுத்தர்.

மற்றத் தட்டில் இன்னும் போட்டேன்:
ஒவ்வொரு வேலையும் இரண்டு தரம்.
இதில் செய்ததை அதில் மறந்தால்
ஆறு மாதம் கழித்து நள்ளிரவில் அதுவே நினைவூட்டும்.
என் ஞாயிறுகளைப் போடவில்லை.
எந்தத் தராசில் வைப்பதென்று தெரியவில்லை.

"இதெல்லாம் புரிஞ்சவங்க நம்மகிட்ட எத்தனை பேர்?"
"ஒருத்தி."
"நீ விழுந்தா?"

ஐப்பசியில் டைபாய்டு வந்து
தேனி ஆஸ்பத்திரிக் கட்டிலில்
ஒரு கையில் டிரிப்ஸும் மடியில் லேப்டாப்புமாய்
கடவுச்சொல் தட்டியது நினைவுக்கு வந்தது.
எல்லாவற்றிலும் ஒற்றையைத் தேடித் தேடி
வட்டம் போட்டவள்
பேனா பிடித்த கையைப் பார்க்கவில்லை.

விலைப்புள்ளியின் அடியில் பென்சிலால் எழுதினேன்:
ஆள், இன்னொன்று.

ராவுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.
ஒரு காயைப் பல்லில் வைத்து உடைத்தார்.
"இதுக்கும் வரி தனியா?" என்றார்.