மறைந்தபோது குறைந்தது

கோப்பு இறங்கி முடிய இரவு இரண்டேகால்.
அறுபத்திரண்டு வீதத்தில் ஒருமுறை கரண்ட் போனது.
உவர்மலை முழுக்க இருண்டு
மின்விசிறி தன் கடைசிச் சுற்றை முடிக்கும்வரை
நான் மூச்சு விடவில்லை.

பதினைந்து இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால்
பொன் பூசிய கண்ணாடியோடு நிற்கிறதே,
அதற்குக் கரண்ட் போவதில்லை.
சூரியனுக்கு முதுகு காட்டி
ஐந்தடுக்குக் குடைக்குப் பின்னால், குளிரில்,
ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரத்தை
ஐந்து மணித்தியாலம் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறது.
பார்த்ததைப் பொதுவில் வைத்துவிட்டார்கள்.
யாரும் எடுக்கலாம்.
நானும்.

நட்சத்திரத்துக்குப் பெயர் இல்லை, பட்டியல் எண்தான்.
நஸ்லிமா அதை 'அடுப்படி' என்பாள்.
அவள் கிண்ணியாவில், நான் இங்கே.
நடுவில் குடா, பாலம்,
அடிக்கடி அறுந்துபோகும் தொலைபேசி.

அடுப்படியை ஒரு கோள் சுற்றுகிறது.
அதை யாரும் கண்டதில்லை, காணவும் முடியாது.
செய்யக்கூடியது ஒன்றுதான்:
அது நட்சத்திரத்துக்குப் பின்னால் போகும்வரை பொறுத்திருப்பது.
போனதும் மொத்த வெளிச்சத்தில்
ஒரு துளி குறையும்.
அந்தக் குறைவுதான் கோளின் சூடு.

அண்ணன் கட்டாருக்குப் போன மாதம்
எங்கள் கரண்ட் பில்லில் பதினொரு யூனிட் குறைந்தது.
அம்மா இரண்டு தரம் வாசித்தாள்.
மீற்றர் பார்க்க வந்த பொடியனிடம்
"வடிவாப் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழுக்கும் ஏழு சூடு.
ஒரு ஞாயிறு டிக்கெட் எடுத்துப் போய்
ஆய்வுகூடத்து வெப்பமானியை நூலில் கட்டி இறக்கினோம்.
மூன்றாவதில் முப்பத்தொன்பது.
ஐந்தாவதில் நாற்பத்தொன்று.
வாளியோடு நின்றவர்
"என்ன பிள்ளையள், தண்ணிக்குக் காய்ச்சலோ?" என்றார்.
எங்கள் கோளும் ஏழாக இருந்திருந்தால்
எழுத நன்றாக இருந்திருக்கும்.
ஒன்றுதான்.
அதற்கு நூல் காணாது.

காற்று இருந்தால் அது சூட்டைச் சுமந்து
இரவுப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டும்.
பகல் பக்கம் தணியும். குறைவு சிறுக்கும்.
காற்று இல்லையென்றால்
வெறும் பாறை, வெறும் கொதிப்பு, குறைவு பெருக்கும்.
இவ்வளவுதான் கேள்வி.

ஆனால் கருவி முதல் கொஞ்ச நேரம்
தன்னைத்தானே பழக்கிக்கொள்ளும்.
அந்த நிமிடங்களை வெட்டி எறிய வேண்டும்.
எத்தனை நிமிடம்?
முப்பது வெட்டினால் பாறை.
ஐம்பது வெட்டினால் காற்று.
"ஐம்பது வெட்டுவம்" என்றேன்.
மறுமுனையில் நஸ்லிமா தேத்தண்ணி உறிஞ்சுகிற சத்தம்.
"உனக்குக் காத்து வேணும்.
அதுக்காகக் கத்தரிக்கோல் எடுக்கிறாய்."

அம்மா இப்போது பின்னேரங்களில்
அண்ணனின் அறையில் லைட் போட்டு வைக்கிறாள்.
இந்த மாதம் நாலு யூனிட் கூடி வந்தது.
நான் கேட்கவில்லை.
எந்தப் பிழைக் கணக்கில் இதைச் சேர்ப்பது என்றும்
தெரியவில்லை.

இரண்டையும் எழுதினேன். முப்பதையும் ஐம்பதையும்.
பக்கத்தில் பக்கத்தில், ஒரே மைநிறத்தில்.
பிழைக்கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று
சாய்ந்து படுத்திருந்தன.

நாலரைக்கு வெளியே மான்கள்,
மழையில் நனைந்த கடதாசிப் பெட்டியை
ஒன்று மென்றுகொண்டிருந்தது.
யன்னல் வெளிச்சம் கண்டு
மதிலுக்கு அப்பாலிருந்து செபமாலை அண்ணர்,
ஒரு கையில் டோர்ச், தோளில் எஞ்சினுக்கு எண்ணெய்க் கான்:
"தங்கச்சி, காத்து இருக்கோ?"

ஒரு கணம்
எதைக் கேட்கிறார் என்று விளங்கவில்லை.
பிறகு மற்ற யன்னலைத் திறந்து
கடலின் வரைபடத்தைப் பார்த்தேன்.
அதுவும் மேலிருந்து யாரோ பார்த்துச் சொன்னதுதான்.
"வாடை, அண்ணை. இருபத்திரண்டு நொட். போகாதேங்கோ."

அவர் கானை இறக்கி மதிலில் வைத்தார்.
நம்பிவிட்டார்,
ஒரு பிழைக்கோடும் கேட்காமல்.