தென்சுவர், இனம் ஏழு

திருப்பணி மதிப்பீட்டில் ஏழாவது இனம்:
மணல் வீச்சு, சதுர அடிக்கு முப்பத்திரண்டு ரூபாய்.
குழுவில் நான் பொருளாளர்.
படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டேன்,
எண்களை மட்டும்.

பணம் அனுப்பிய ஈப்போக்காரருக்கு
கும்பாபிஷேகப் பத்திரிகையில் போடப் படம் வேண்டும்.
"கல்லு பளிச்சுன்னு இருக்கணும் ஆச்சி,
ஆயிரம் வருஷப் பிசுக்கு" என்றார் நாச்சியப்பன்.
அதுவும் சரிதான்.
முகம் கழுவாமல் யார் விருந்துக்கு அழைப்பார்?

செவ்வாய்க்கிழமை கம்ப்ரெசர் வந்தது.
நான் போனது ரசீது வாங்க.

தென்சுவர் பாதி வெளுத்திருந்தது,
பிரிக்காத வேட்டி போல.
மீதிப் பாதியில் கருப்பு. கருப்புக்குள் கோடுகள்.
விரல் வைத்தேன்.
புள்ளி இல்லாத எழுத்து,
கூட்டிக் கூட்டித்தான் வந்தது:
'...வைத்த சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு
நிசதம் உழக்கு நெய்...'

கணக்கு!
ஆட்டுக்கு நெய், நெய்க்கு விளக்கு,
விளக்குக்குச் சந்திரனும் சூரியனும் உள்ளவரை தவணை.
சாகாத, மூப்படையாத ஆடு,
தேய்மானம் கழிக்காத சொத்து.
அப்படி ஒன்றை நான் எழுதினால்
உரிமம் போய்விடும்.

கொடுத்தவர் பெயர் வரியின் தொடக்கத்தில் இருந்திருக்கும்.
தொடக்கம்
என் வெறுங்காலில் மாவாய் ஒட்டியிருந்தது.

ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்றேன் செங்கோட்டுவேலிடம்.
"டீசல் தீந்துபோச்சு மேடம்.
கேனோட போன பய தவசி,
கானாடுகாத்தான் ரோட்டுல வண்டி பஞ்சராம்.
வந்துட்டா ஒரு மணி நேர வேலை."

ஒரு மணி நேரம்.
தொல்லியல் அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.
நாச்சியப்பனை மிரட்டினேன்.
ஈப்போவுக்குப் பொய் சொன்னேன்:
உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் இந்தச் சுவரில் இருக்கிறது.
இல்லை என்று இனி யார் காட்டுவது?
அந்தப் பக்கம் மௌனம். பிறகு,
"தொடவேண்டாம்னு சொல்லுங்க."

கடைசி வரி, சாரக் கயிறு மறைத்த மூலையில்:
'இது காத்தான் பாதம் என் தலை மேலது.'

யார் தலை?
அதைத்தான் அழித்தாயிற்று, என் கையெழுத்தோடு.
பாதம் யாருடையது என்று நான் யோசித்தபோது
வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான் தவசி.
முழங்கால் வரை செம்மண்.
திட்டு விழும் என்று
கேனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

இனம் ஏழில் பாதிதான் செலவு.
மீதியை எந்தத் தலைப்பில் எழுதுவது?
பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.