குரல் கனம்

பரந்தன் சந்தி, எழுபத்திரண்டு, ஆடி.
முல்லைத்தீவுக் கோயில் பாண்டில் இரவல் வாங்கிய
ட்ரம்பெட் நாலு,
திங்கள் காலை திருப்பிக் கொடுக்கவேணும்.
மூன்றில் சத்தம் வரும்.
நாலாவது எனக்கு.
மூன்று பொத்தானையும் மாறி மாறி அமுக்கி
கன்னத்தை மட்டும் உப்புவேன்.

அருளப்பு பாட எழும்பினால்
முன்வரிசையில் சோடாப் போத்தல்கள் அதிரும்.
அந்த நாளையில் பாட்டெல்லாம் ஏணி,
அவன் குரல் கிணறு.
குணநாயகம் மாஸ்டர் சுருதியை இறக்கி இறக்கி
கடைசியில் சாக்சபோன்காரன் கோவித்துக்கொண்டு
பஸ் ஏறிவிட்டான்.

கொழும்பு வானொலிக் குரல் தேர்வுக்குப் போனவனுக்கு
ஒரு வரிக் கடிதம்: குரல் கனம்.
நாங்கள் அதையே நோட்டீசில் அடித்தோம்,
"குரல் கனம் அருளப்பு", கொட்டை எழுத்தில்.
முறிகண்டி தாண்டி வவுனியா வரைக்கும் கூப்பிட்டார்கள்.
இரவுக்கு அறுபது ரூபா, புட்டும் இறைச்சியும்.

பிறகு கசெட் வந்தது.
முழுக் கோஷ்டியும் ஒரு பெட்டிக்குள்,
சம்பளம் கேட்காமல்.

எண்பத்தொன்று, கிளிநொச்சி நெல் களஞ்சியம்.
தராசடியில் நின்று நிறை சொல்லுகிறான்:
அறுபத்தெட்டு…
அறுபத்தேழரை…
சுமக்கிறவர்கள் மூட்டையை இறக்காமல் நின்று கேட்கிறார்கள்.
என்னைக் கண்டும் நிறைதான் சொன்னான்.
என் வலக்கை விரல் மூன்றும்
சாக்கின் மேல்
மாறி மாறி அமுங்கின.